கையுறைக்குப் பில் வருகிறது, கை கழுவுகிறார்களா?

கேள்வி: என் தாயார் (82) மேடவாக்கம் பக்கம் ஒரு தனியார் முதியோர் இல்லத்தில் இருக்கிறார். கதீட்டர் (சிறுநீரை வெளியேற்றும் குழாய்) பொருத்தியிருக்கிறார்கள். நான்கு மாதத்தில் மூன்றாவது சிறுநீர்த் தொற்று. கையுறைக்கென்று மாதந்தோறும் தனிப் பணம் வாங்கியும் ஏன் இப்படி?

பதில்: கையுறை போட்டவரின் கைதான் சுத்தமாக இருக்கிறது. அதே கையுறையோடு மூன்று கட்டில்களுக்குப் போனால், முதல் கட்டிலின் கிருமி மூன்றாவது கட்டிலுக்கும் போய்ச் சேரும். ஆளுக்கு ஒரு ஜோடி வேண்டும். டயப்பர் மாற்றிய கையுறையால் கதீட்டரைத் தொடவே கூடாது. கழற்றியதும் சோப்புப் போட்டு 40 முதல் 60 விநாடி கை கழுவ வேண்டும். பில்லைப் பார்க்காதீர்கள், காலை நேரத்தில் போய் அரை மணி நேரம் உட்காருங்கள். வாஷ்பேசினில் சோப்பு இருக்கிறதா? லாரித் தண்ணீரை நம்பும் கோடையில் குழாயில் தண்ணீர் வருகிறதா?

சானிடைசர் போதுமே என்பார்கள். அழுக்குப் படாத கைக்குப் போதும். வயிற்றுப்போக்கு உள்ளவரைத் துடைத்த கைக்குப் போதாது. ஆன்டிபயாடிக் அதிகம் எடுத்தவர்களுக்கு ஒரு வகை வயிற்றுப்போக்கு வரும்; அந்தக் கிருமி தடித்த உறைக்குள் பதுங்கியிருக்கும், ஆல்கஹாலுக்குச் சாகாது. சோப்பும் ஓடும் தண்ணீரும்தான் அதைக் கையிலிருந்து அகற்றும். உங்கள் தாயார் மூன்று முறை மருந்து எடுத்திருப்பார். ஆகவே மறுபடியும் சொல்கிறேன்: வயிற்றுப்போக்கு என்றால் சோப்பு.

துடைப்பது முன்னிருந்து பின்னாக. யூரின் பை இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும், தரையில் படக் கூடாது. சக்கர நாற்காலியில் தள்ளும்போது அதை மடியில் வைக்கிறார்கள், அது தவறு.

இவற்றையெல்லாம்விட முக்கியம், அந்தக் கதீட்டர் இன்னும் எதற்கு என்று மருத்துவரிடம் கேட்பது. டயப்பர் மாற்ற ஆளில்லை என்பதற்காகக் குழாயை விட்டுவைப்பதை நிறையப் பார்த்துவிட்டேன். ஓர் ஆயாவிடம் பத்துப் பதினைந்து பேரை ஒப்படைத்துவிட்டு, தொற்று வந்ததும் அவரையே திட்டுகிறார்கள். அவருக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள்?

தனியாக நர்ஸ் அனுப்புகிறேன் என்று வரும் ஏஜென்டிடம் தமிழ்நாடு செவிலியர் கவுன்சில் பதிவு எண்ணைக் கேளுங்கள். பெரும்பாலும் பேச்சை மாற்றுவார். சிறுநீர் கலங்கலாக இருக்கிறது என்று மாதம் ஒரு கல்ச்சர் (சிறுநீரில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை) எடுக்க வரும் பரிசோதனைக்கூட ஆளையும் நம்பாதீர்கள். குழாய் பல வாரம் இருந்தால் சிறுநீரில் கிருமி இருக்கத்தான் செய்யும். அதற்கெல்லாம் மருந்து கொடுத்தால் பிறகு எந்த மருந்தும் கேட்காது. காய்ச்சல், நடுக்கம், திடீர்க் குழப்பம் இருந்தால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

இல்லம் செவிசாய்க்காவிட்டால் 14567 என்ற முதியோர் உதவி எண்ணை அழையுங்கள், கட்டணம் இல்லை.