‘வென்ட்’ எங்கிருந்து வந்தது, சார்?

மலேசியாவின் சுங்கை சிப்புட் தோட்டத்துப் பிள்ளைகளும் பெற்றோரும் துண்டுச் சீட்டில் எழுதித் தந்த கேள்விகள் இவை. நான் ஆங்கிலம் போதித்து ஓய்வுபெற்றவன்.

ஆண்டு 5 மாணவன்: ‘வாக்’ என்றால் ‘வாக்ட்’. ‘கோ’ மட்டும் ஏன் சார் ‘வென்ட்’?

அது ‘கோ’ பெற்ற பிள்ளை இல்லையடா, தத்துப்பிள்ளை. ‘வெண்ட்’ என்று இன்னொரு வினை இருந்தது. கடைசி எழுத்து டெங்கிக்கு வரும் ‘டி’. அதன் இறந்தகாலம்தான் ‘வென்ட்’. ‘கோ’வின் பழைய இறந்தகாலம் வழக்கொழிந்ததும் இது அங்கே குடியேறிவிட்டது.

படிவம் 2 மாணவி: எல்லாவற்றையும் மனப்பாடம்தான் செய்யணுமா?

‘பாடு’ என்றால் பாடினேன். அதற்காக ‘வா’வை வாவினேன் என்றா சொல்கிறாய்? வந்தேன், நின்றேன், கேட்டேன் எல்லாம் அட்டவணை பார்த்து வந்ததில்லை, வாயில் புழங்கி வந்தது. ஓசை ஒத்தவற்றைச் சேர்த்துப் படி: சிங் சேங், ரிங் ரேங், ட்ரிங்க் ட்ரேங்க். ‘ப்ரிங்’ மட்டும் இந்தக் கூட்டத்தில் சேராது, அது ‘ப்ராட்’. இப்போது ஒழுங்காக ‘எட்’ ஒட்டிக்கொள்ளும் ‘ஹெல்ப்’கூட முன்பு முரண்டு பிடித்ததுதான். 1611ஆம் ஆண்டு ஆங்கில பைபிளில் ‘ஹோல்ப்பன்’ என்றே இருக்கிறது.

ஓர் அம்மா: மகன் ‘ஐ டிட் நாட் வென்ட்’ என்று எழுதியதற்குச் சிவப்பு மை. என்ன தப்பு?

பால்வாளியை ஒருத்தி தூக்கிய பிறகு இன்னொருத்தி எதற்கம்மா? இறந்தகாலத்தை ‘டிட்’ சுமந்துவிட்டது. ‘டிட் நாட் கோ’ போதும். மலாயில் நேற்றும் ‘பெர்கி’, நாளைக்கும் ‘பெர்கி’; முன்னால் ‘செமாலம்’ போட்டால் நேற்றாகிவிடும். பள்ளியில் மூன்று மொழியோடு மல்லுக்கட்டும் பிள்ளை, திட்டாதீர்கள்.

தோட்டக் கிராணி: ‘த வொர்க்கர்ஸ் ஃபெல் த ட்ரீஸ் லாஸ்ட் வீக்’ என்று எழுதினேன். மேனேஜர் வட்டம் போட்டுவிட்டார். ‘ஃபால்’ போனால் ‘ஃபெல்’தானே?

மரம் தானாக விழுந்தால் சரி அண்ணே. செம்பனை நட, ரப்பர் பால்மரத்தை ஆள் வைத்துச் சாய்த்தீர்கள் அல்லவா? அந்த வினையே ‘ஃபெல்’, இறந்தகாலம் ‘ஃபெல்ட்’. நம் ‘விழுந்தது’, ‘வீழ்த்தினார்கள்’ மாதிரி.

படிவம் 1 மாணவன்: கட், புட், ஹிட்?

மாறவே மாறாது. ‘ரீட்’ எழுத்தில் மாறாது, படிக்கும்போது ‘ரெட்’.

லாரி ஓட்டும் தம்பி: ‘ஹங்’கா, ‘ஹேங்ட்’டா?

சட்டையைக் கொடியில் போட்டால் ‘ஹங்’. ‘ஹேங்ட்’ என்றால் சட்டைக்குத் தூக்குத் தண்டனை கொடுத்துவிட்டாய் என்று அர்த்தம்.