ஜான்சன் செய்தது தவறா?

கேள்வி: ஆங்கிலத்தில் ‘எந்தூசியாசம்’ (enthusiasm) என்றால் உற்சாகம் என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். சாமுவேல் ஜான்சனின் 1755ஆம் ஆண்டு ஆங்கில அகராதியோ அதை ‘வீண் நம்பிக்கை’ என்கிறது. அவ்வளவு பெரிய அறிஞர் இப்படித் தவறு செய்யலாமா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: ‘தவறு’ என்று எவ்வளவு எளிதாக எழுதிவிட்டீர்கள்! தெய்வம் தனக்கென்று தனியாக எதையோ வெளிப்படுத்தியதாக ஒருவர் கொள்ளும் வீண் நம்பிக்கை என்பதே ஜான்சன் தரும் முதற்பொருள். அவர் காலத்து இங்கிலாந்தில் அச்சொல் அப்படித்தான் வழங்கியது. தெய்வம் உள்ளே புகுந்த நிலையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லே அதன் மூலம். இறைவனின் கட்டளை என்று சொல்லி ஆயுதம் எடுத்தவர்களை 17ஆம் நூற்றாண்டின் உள்நாட்டுப் போரில் கண்டு அஞ்சிய நாடு அது. ஆங்கிலத் தத்துவஞானி ஜான் லாக், மனித அறிவைப் பற்றிய தம் பெருநூலின் 1700ஆம் ஆண்டுப் பதிப்பில் இதற்கென்றே ஓர் அத்தியாயம் சேர்த்து, பகுத்தறிவையோ இறைவெளிப்பாட்டையோ சாராமல் சூடேறிய மூளையில் எழும் மயக்கம் இது என்றார். ஜான்சன் மேற்கோள் காட்டுவதும் அவரைத்தான். மெதடிஸ்டுகள் என்ற கிறிஸ்தவச் சமய இயக்கத்தாரை இகழவும் இதே சொல் பயன்பட்டது. அவர்களின் தலைவர் ஜான் வெஸ்லியே இதை ஒருவகை மதப்பித்து என்று வரையறுத்தார். அருள் பெறாமலே தம்மைக் கிறிஸ்தவர்களாக எண்ணிக்கொள்வோருக்குத்தான் அந்தப் பித்து என்று எதிராளிகள் மீதே அதைத் திருப்பினார்.

நீங்கள் முதல் வரியோடு அகராதியை மூடிவிட்டீர்கள் என்பதே என் வருத்தம். கற்பனையின் உயர்வு, எண்ணங்களின் மேன்மை என்று மூன்றாவது பொருளும் ஜான்சனிடம் உண்டு. 1828இல் அமெரிக்காவில் நோவா வெப்ஸ்டர் தம் அகராதியில் பழைய பொருளையே முதலில் வைத்தாலும், அறிவாலும் அனுபவத்தாலும் நெறிப்பட்ட மனவெப்பம் உயர்ந்த உணர்ச்சியாகிறது என்று விரித்து, கவிஞர், ஓவியர், நாட்டுப்பற்றாளர் ஆகியோரிடம் இருப்பது அதுவே என்று பாராட்டி எழுதினார். இகழ்ச்சி புகழ்ச்சியாக மாறிய வழி இவ்வகராதிகளில் பக்கம் பக்கமாகத் தெரிகிறது. 1884 முதல் 1928 வரை பகுதி பகுதியாக வெளிவந்த ஆக்ஸ்போர்டு பேரகராதி ஒவ்வொரு பொருளுக்கும் ஆண்டோடு மேற்கோள் தருவது இதற்காகத்தான். ஆண்டே குறிக்காமல் இன்றைய பொருளை மட்டும் நீட்டும் கைப்பேசி அகராதிகளை நான் ஓயாமல் கண்டிப்பதும் இதனால்தான்.

தத்துவஞானி டேவிட் ஹியூம் 1741இல் எழுதிய கட்டுரையொன்றின் தலைப்பில் மூடநம்பிக்கையும் எந்தூசியாசமும் அருகருகே நிற்கின்றன. அதை ‘உற்சாகம்’ என்று படித்தால் தலைப்பே விளங்காது. ஜான்சனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.