கொன்றைப் புளியும் எட்டாவது மாதமும்

மலச்சிக்கலுக்காக ஏழு மாதங்களாகக் கொன்றைப் புளி குடித்துவருவதாகவும், சிறுநீர் பழுப்பாகப் போவதால் சிறுநீரகம் பழுதாகிவிட்டதோ என்று அஞ்சுவதாகவும் கடிதம் எழுதியிருக்கிறீர்கள். அந்த நிறம் சிறுநீரகம் பழுதாகிவிட்டதன் அறிகுறி அன்று. சரக்கொன்றைக் காயின் கரிய, பிசுபிசுப்பான சதையில், அதாவது நீங்கள் இரவுதோறும் கரைத்துக் குடிக்கும் கொன்றைப் புளியில், ஆந்த்ராகுவினோன் வகை வேதிப்பொருள்கள் உள்ளன. நிலாவாரை இலையில் இருப்பதும் இதே வகைதான். அவற்றில் ஒரு பங்கு இரத்தத்தில் கலந்து சிறுநீர் வழியே வெளியேறும்போது மஞ்சள், பழுப்பு, சில வேளைகளில் செம்மை நிறம்கூட வரும். மருந்தை நிறுத்திய சில நாட்களில் நிறம் தானே மாறிவிடும். மாறாவிட்டால் சிறுநீரைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். இதற்காக ஒரு வாரம் தூக்கம் கெட்டதாக எழுதியிருக்கிறீர்கள். இணையத்தில் நிறத்தை மட்டும் தட்டச்சு செய்து நோயைத் தேடினால் கிடைப்பது அதுதான்.

கடிதத்தில் ஆறு கேள்விகளை வரிசையாக எண்ணிட்டுக் கேட்டிருக்கிறீர்கள். எண்ணிடாத ஒரு செய்தி இறுதியில், போகிறபோக்கில் சொன்னதுபோல் நிற்கிறது: அண்ணனுக்கு 54 வயதில் பெருங்குடல் புற்றுநோய் கண்டறியப்பட்டது, உங்களுக்கும் மலத்துடன் எப்போதாவது இரத்தம் படுகிறது, "அது மூலமாகத்தான் இருக்கும்." நீங்கள் உண்மையில் கேட்க வந்தது இதைத்தான் என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

உங்களுக்கு வயது 48. ஏழு மாதங்களுக்கு முன்புவரை நாள் தவறாமல் மலம் கழித்தவர் நீங்கள். உணவோ வேலையோ மாறவில்லை. அப்படியிருக்க, புதிதாக மலச்சிக்கல் வந்தது ஏன் என்ற கேள்வியை நீங்கள் எழுப்பவே இல்லை. அதற்கு என்ன சாப்பிடலாம் என்பதற்குத் தாவிவிட்டீர்கள். முதலில் நெல்லிக்காய் அளவு புளி போதுமானதாக இருந்தது, இப்போது எலுமிச்சை அளவு கரைத்தும் திருப்தியாகப் போவதில்லை என்கிறீர்கள். என்னைச் சற்றே நிமிர்ந்து உட்கார வைத்த வரி அது. தூண்டுமருந்துகளுக்குக் குடல் பழகிப்போவதும் இதற்குக் காரணமாக இருக்கலாம். ஆனால் பெருங்குடலின் இடப்பக்கத்தில் ஒரு கட்டி மெல்ல வளர்ந்து பாதையைக் குறுக்கும்போதும் இதேதான் நடக்கும்: மலம் மெலிந்து வரும், முழுமையாகப் போகவில்லை என்ற உணர்வு தங்கும், சில நாட்கள் அடைப்பும் சில நாட்கள் பேதியுமாக மாறி மாறி வரும். பேதி மருந்து இந்த மாற்றத்தை மூடி மறைக்கக் கூடியது. கொன்றைப் புளி நஞ்சு என்பதல்ல என் குறை. அது வேலை செய்கிறது என்பதால் ஏழு மாதங்கள் நீங்கள் மருத்துவரிடம் போகாமல் இருந்துவிட்டீர்கள் என்பதே.

இரத்தத்துக்கு வருவோம். மூல இரத்தம் பெரும்பாலும் பளிச்சென்ற சிவப்பாக, மலத்தின் மேற்புறத்திலோ கழித்து முடித்தபின் சொட்டாகவோ வரும்; மலத்தோடு கலந்தும், அடர்ந்த நிறத்திலும், சளியோடும் வருவது வேறு கதை. ஆனால் இந்த வேறுபாட்டை வைத்துக்கொண்டு வீட்டிலேயே முடிவு கட்ட முடியாது. மூலம் இருப்பது புற்றுநோய் இல்லை என்பதற்குச் சான்று ஆகாது. இரண்டும் ஒரே மனிதரிடம் இருப்பதைக் காண்கிறோம். 40 வயதைக் கடந்த ஒருவருக்கு மலம் கழிக்கும் பழக்கம் மாறி, அந்த மாற்றம் வாரக்கணக்கில் நீடித்து, கூடவே இரத்தமும் பட்டால், அதற்குக் காரணம் கண்டறியப்பட்டே ஆக வேண்டும். என் பதிலில் மற்ற எல்லாவற்றையும் மறந்தாலும் இந்த ஒன்றை மறக்காதீர்கள்.

அண்ணனுக்கு நோய் வந்திருப்பதால் உங்கள் கணக்கு மற்றவர்களுடையதைப் போன்றதன்று. பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் ஆகியோரில் ஒருவருக்கு 60 வயதுக்கு முன்பே பெருங்குடல் புற்றுநோய் வந்திருந்தால், எந்தத் தொந்தரவும் இல்லாவிட்டாலும், 40 வயதிலோ அவருக்கு நோய் கண்டறியப்பட்ட வயதுக்குப் 10 ஆண்டுகள் முன்னதாகவோ, எது முந்தையதோ அப்போது கொலோனோஸ்கோப்பி (ஆசனவாய் வழியே கேமரா பொருத்திய குழாயைச் செலுத்திப் பெருங்குடலைப் பார்க்கும் பரிசோதனை) செய்துகொள்ள வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் நெறி. உங்களுக்கு அந்த வயது கடந்து எட்டு ஆண்டுகள் ஆகின்றன. இப்போது தொந்தரவும் இருக்கிறது. எனவே மலத்தில் மறைந்திருக்கும் இரத்தத்தைத் தேடும் எளிய பரிசோதனையோடு நிறுத்திக்கொள்ளாமல் நேரடியாகக் கொலோனோஸ்கோப்பிக்கே போகச் சொல்வேன். இதை உங்களுக்குப் புற்றுநோய் இருக்கிறது என்பதற்காகச் சொல்லவில்லை. உங்களைப் போன்ற அறிகுறிகளோடு வருவோரில் பெரும்பாலானவர்களுக்கு அது இருப்பதில்லை. ஆனால் இந்த நோய் பெரும்பாலும் பாலிப் எனப்படும் சிறு முளையாகத் தொடங்கி, புற்றாக மாறப் பல ஆண்டுகள் எடுத்துக்கொள்கிறது. அந்த முளையைப் பரிசோதனையின்போதே கம்பி வளையத்தால் அறுத்து எடுத்துவிட முடியும். வருமுன் நீக்கக்கூடிய புற்றுநோய்கள் மிகச் சிலவே உள்ளன. அவற்றில் ஒன்றுக்கு அஞ்சிப் பரிசோதனையைத் தள்ளிப்போடுவதில் பொருளில்லை.

"பேதி மருந்து குடலைக் கறுப்பாக்கிப் புற்றுநோயை உண்டாக்கும் என்று படித்தேன்" என்று நடுங்கியிருக்கிறீர்கள். முதற்பாதி உண்மை. ஆந்த்ராகுவினோன் மருந்துகளை மாதக்கணக்கில் எடுத்தால் பெருங்குடலின் உட்சுவரில் பழுப்பு, கறுப்பு நிறத் திட்டுகள் படியக்கூடும். மருத்துவத்தில் இதை மெலனோசிஸ் கோலை என்கிறோம். பெயர் அப்படி இருந்தாலும், படிவது தோலுக்கு நிறம் தரும் மெலனின்கூட அன்று. மடிந்த உயிரணுக்களின் எச்சமான லிப்போஃபுசின். மருந்தை நிறுத்தினால் சில மாதங்களிலிருந்து ஓராண்டுக்குள் பெரும்பாலும் மறைந்துவிடும். இது புற்றுநோயாக மாறும் என்பதற்குத் தெளிவான சான்று இல்லை. பாலிப்புகளில் இந்தக் கறை பொதுவாகப் படிவதில்லை என்பதால், கரிய பரப்பில் அவை வெளிறித் தனித்துத் தெரியும். பரிசோதிப்பவருக்கு அது வசதிதான். நீங்கள் கொன்றைப் புளி சாப்பிட்டதை மட்டும் அவரிடம் மறைக்காதீர்கள்.

படியேறினால் சோர்வு, கெண்டைக்காலில் தசைப்பிடிப்பு என்பவற்றை "வயது" என்று தள்ளிவிட்டீர்கள். 48 ஒரு வயதா? இரத்த அழுத்தத்துக்காக நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறீர்கள். அந்த வகை மாத்திரைகளில் பல சிறுநீர் வழியாகப் பொட்டாசியத்தை வெளியேற்றும், தொடர் பேதி மலம் வழியாக வெளியேற்றும். இரண்டும் சேர்ந்தால் தசை தளரும், மிகக் குறைந்தால் இதயத் துடிப்பே தடுமாறும். இன்னொரு புறம், கண்ணுக்குத் தெரியாமல் நாள்பட இரத்தம் கசிந்தாலும் சோர்வு வரும். ஆகவே பொட்டாசியம், ஹீமோகுளோபின், இரும்புச்சத்து, தைராய்டு ஆகிய இரத்தப் பரிசோதனைகளை இந்த வாரமே செய்துவிடுங்கள். தைராய்டு சுரப்புக் குறைவும் மலச்சிக்கலைத் தரும் என்பதால் அதையும் சேர்த்தேன்.

எஞ்சிய கேள்விகளுக்குச் சுருக்கமாகவே பதில். கொன்றைப் பூக் கஷாயம் சர்க்கரையைக் குறைக்கும் என்பது எலிகளில் கண்ட முடிவை மனிதருக்கு ஏற்றிச் சொல்வது. அதை நம்பிச் சர்க்கரை மாத்திரையை நிறுத்த வேண்டாம். பட்டையில் துவர்ப்புப் பொருள் மிகுதி, தோல் பதனிடப் பயன்பட்டது. அதைக் காய்ச்சிக் குடிக்க உங்களுக்கு எந்தத் தேவையும் இல்லை. மரத்தை வெட்டிவிடலாமா என்று கேட்டதற்கு ஒரே பதில், வேண்டாம். ஒரு முழத்துக்கும் மேல் நீண்டு தொங்கும் அந்தக் காயை உடைத்தால், நாணயங்களை அடுக்கியதுபோல் குறுக்குத் தடுப்புகளும், தடுப்புக்கு ஒரு விதையும், மேலே பூசினாற்போல் புளியும் இருக்கும். எந்தக் காயில் எவ்வளவு மருந்துப்பொருள் இருக்கிறது என்பது காயின் முதிர்ச்சியைப் பொறுத்து மாறும். நெல்லிக்காய் அளவு, எலுமிச்சை அளவு என்பதெல்லாம் மருந்தளவு ஆகா. முன்னோர் அறிந்து பயன்படுத்திய மருந்துதான், ஒப்புக்கொள்கிறேன். அவர்களும் அதைச் சில நாட்களுக்குத்தான் கொடுத்தார்கள், ஏழு மாதங்களுக்கு அல்ல.

புளியை இன்றிரவே நிறுத்துங்கள். இரண்டு மூன்று நாட்கள் மலம் போகாமல் இருந்தால் கலங்க வேண்டாம். வெறுமையான குடல் நிறைய அந்த நேரம் தேவை. பரிசோதனை முடியும்வரை மலத்தை இளக்கும் மருந்து தேவைப்பட்டால் உங்களைப் பார்க்கும் மருத்துவர் எழுதித் தரட்டும். குறுகிய பாதையில் நார்ச்சத்துப் பொடியும் அடைத்துக்கொள்ளக்கூடும் என்பதால் அதையும் நீங்களாகத் தொடங்காதீர்கள். வயிறு உப்பி, வாந்தியெடுத்து, காற்றும் மலமும் அடியோடு நின்றுவிட்டால் எந்தப் பேதி மருந்தையும் தொடாமல் உடனே அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்.

குடல்நோய் மருத்துவரைப் பார்க்கப் போகும்போது அண்ணனின் திசுப் பரிசோதனை அறிக்கையின் நகலையும், நீங்கள் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் எடுத்துச் செல்லுங்கள். இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுக்கப்பட்டால், அது மலத்தைக் கறுப்பாக்கும் என்பதையும், கொலோனோஸ்கோப்பிக்குச் சில நாட்கள் முன்பு நிறுத்த வேண்டும் என்பதையும் நினைவில் வைத்திருங்கள். தங்கை ஒருவர் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அவருக்கு 43 வயது என்றால் இந்தப் பரிசோதனை அவருக்கும் உரியது.