ஸ்பிரிங் மேல மட்டும் பழி போடாதீங்க – கார் கேள்வி பதில்

கேள்வி: 7 சீட்டர் வாங்கப் போறோம் சார். அப்பா "சேஸிஸ் இருக்குற வண்டிதான் ஸ்ட்ராங்கு, மத்ததெல்லாம் தகர டப்பா"ன்னு ஒரே பிடியா நிக்கிறாரு. அம்மாவுக்கு முதுகு வலி உண்டு. அடிக்கடி ஏற்காடு ஏறுவோம். எத வச்சு முடிவு பண்றது?
– வாசகர், சேலம்

பதில்: அப்பா சொல்ற சேஸிஸ், லேடர் ஃபிரேம். நீளவாக்குல ரெண்டு இரும்புச் சட்டம், நடுவுல குறுக்குச் சட்டங்க, ஏணிய படுக்கப் போட்ட மாதிரி இருக்கும். இன்ஜின், கியர்பாக்ஸ், சஸ்பென்ஷன் எல்லாத்தையும் அதுல மாட்டிட்டு, தனியா செஞ்ச பாடிய ரப்பர் மவுண்ட் வச்சு போல்ட் போட்டு மேல உக்கார வச்சிடுவாங்க. பொலேரோ, தார், ஸ்கார்ப்பியோ-என், ஃபார்ச்சூனர், இன்னோவா கிரிஸ்டா எல்லாம் இந்த ரகம். மோனோகாக்ல தனி சட்டம் கிடையாது, தரை, தூண், கூரை எல்லாத்தையும் வெல்டு பண்ணி அந்த பாடியே சேஸிஸ் வேலையையும் பார்க்கும். எக்ஸ்யூவி700, இன்னோவா ஹைகிராஸ், நம்ம ஊர்ல ஓடுற ஹேட்ச்பேக், செடான் எல்லாமே இதுதான். புதுசா வந்த சமாச்சாரமும் இல்ல, 1922ல இத்தாலில லான்சியா லாம்ப்டா, 1934ல ஃபிரான்ஸ்ல சிட்ரோயன் டிராக்ஷன் அவாந்த்னு அப்பவே வந்துருச்சு. அப்பாகிட்ட ஒண்ணு மட்டும் சொல்லுங்க, "இரும்பு மாதிரி வண்டி"ன்னு ஊரே சொன்ன அம்பாசடர் இருக்கே, அதுக்கும் லேடர் ஃபிரேம் கிடையாது, இங்கிலாந்து மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டுல இருந்து வந்த மோனோகாக் பாடிதான். பத்மினியும் அப்படியே.

இப்ப ஓட்டத்துக்கு வருவோம். ஒரு பக்க சக்கரம் பள்ளத்துல இறங்கும்போது வண்டியோட உடம்பு லேசா முறுக்கும். இந்த முறுக்கத்த எவ்வளவு தாங்குதுங்கறதுதான் டார்ஷனல் ரிஜிடிட்டி. உடம்பு முறுக்கிச்சுன்னா சஸ்பென்ஷன் மாட்டியிருக்குற இடமே நகருது, அப்ப இன்ஜினியர் கணக்கு போட்டு வச்ச ஸ்பிரிங்கோட இந்த உடம்பும் இன்னொரு ஸ்பிரிங் ஆயிடும், அதுல ஆட்டத்த அடக்குற ஷாக் அப்சார்பர் கிடையாதுங்கறதால பள்ளம் தாண்டினப்புறமும் ஸ்டியரிங்லயும் சீட்லயும் ஒரு நடுக்கம் வந்துட்டே இருக்கும். லேடர் ஃபிரேம் மேல இருந்து வர்ற பாரத்த நல்லா தாங்கும், 1 டன் ஏத்தினாலும் அசராது, ஆனா முறுக்குறதுக்கு எதிரா அந்த வடிவம் அவ்வளவு பலம் இல்ல. இப்ப சட்டத்த மூடின பெட்டி வடிவத்துல செய்றாங்க, நிறைய முன்னேறியிருக்கு, அதுக்காக எடையும் ஏறியிருக்கு. மோனோகாக் கம்மி எடையிலயே அந்த விறைப்ப குடுத்துடுது, தரையும் தாழ்வா வரும், அதனால வண்டியோட மொத்த எடையும் மையமா நிக்கிற புள்ளி, அதாவது சென்டர் ஆஃப் கிராவிட்டியும் இறங்கும்.

அம்மா முதுகுக்கு இன்னும் முக்கியமானது பின் ஆக்ஸில். கிரிஸ்டாவுல ரெண்டு பின் சக்கரத்தையும் சேர்த்து ஒரே கெட்டி ஆக்ஸில், நடுவுல இன்ஜின் சக்திய ரெண்டு சக்கரத்துக்கும் பிரிச்சுக் குடுக்குற டிஃபரன்ஷியல் வேற. இந்த முழு எடையும் ஸ்பிரிங்குக்கு கீழ இருக்கு, அதாவது ரோடு அடிக்கிற அடிய வாங்கி மேல கீழ குதிக்கிறது இந்த எடைதான், அத அடக்க ஷாக் படுற பாடு அதிகம். இடது சக்கரம் மேடு ஏறினா வலதும் சாயும், உள்ள இருக்குறவங்க தலை பக்கவாட்டுல ஆடும். ஆள் ஏறினா அதே வண்டி அமைதியாயிடுறதயும் பார்த்திருப்பீங்க, ஏன்னா ஸ்பிரிங்க முழு லோடுக்கு கணக்கு பண்ணித்தான் வச்சிருப்பாங்க. ஸ்கார்ப்பியோ-என்ல இந்த பக்கவாட்டு ஆட்டத்த குறைக்க வாட்ஸ் லிங்கேஜ் போட்டிருக்காங்க. சாதாரணமா ஆக்ஸில் இடம் வலம் நகராம ஒரு பன்ஹார்ட் ராடு பிடிச்சிருக்கும், அது ஆக்ஸில் ஏறி இறங்கும்போது ஒரு வளைவுல போகும், அதனால பாடி லேசா ஒரு பக்கம் தள்ளப்படும். வாட்ஸ் லிங்கேஜ்ல ஆக்ஸில் கிட்டத்தட்ட நேர்க்கோட்டுல ஏறி இறங்கும். 1784ல ஜேம்ஸ் வாட் ஸ்டீம் இன்ஜினுக்காக காப்புரிமை வாங்கின ஏற்பாடு அது, இன்னைக்கு எஸ்யூவிக்கு அடியில வேலை செய்யுதுங்கறத நினைச்சா எனக்கு இன்னமும் சந்தோஷமா இருக்கும்.

உங்களுக்கு கல் குவாரியோ, எஸ்டேட் பாதையோ, டிரெய்லர் இழுக்குற வேலையோ இருந்தா அப்பா சொல்றது சரி. ஏற்காட்டு 20 ஹேர்பின் பெண்டுக்கும் அம்மா முதுகுக்கும் மோனோகாக்தான் என் ஓட்டு. ஒரே ஒரு எச்சரிக்கை, மோனோகாக்னு பேர் இருந்தாலே சுகமா இருக்கும்னு நம்பிடாதீங்க. அம்மாவ எந்த ரோ-ல உக்கார வைக்கப் போறீங்களோ அதே ரோ-ல உக்கார வச்சு, மோசமான ரோட்டுல ஓட்டிப் பாருங்க. ஷோரூம் வாசல்ல இருக்குற புது ரோட்டுல எல்லா வண்டியும் நல்ல வண்டிதான்.

கேள்வி: அண்ணா, முன் சீட்ல உக்கார்ந்தா ஒண்ணும் ஆகல, பின் சீட்ல உக்கார்ந்தா அரை மணி நேரத்துல குமட்டுது. எங்க வண்டி ரொம்ப சாஃப்ட் சஸ்பென்ஷன், அப்புறம் ஏன் இப்படி?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: சாஃப்ட்டா இருக்குறதே ஒரு காரணமா இருக்கலாம்மா. வண்டியோட பாடி ஸ்பிரிங் மேல ஒரு செகண்டுக்கு எத்தன தடவ ஏறி இறங்குதுன்னு ஒரு கணக்கு உண்டு. சுகமான கார்ல அது சுமாரா 1ல இருந்து 1.5 ஹெர்ட்ஸ் வரைக்கும் இருக்கும், நாம நடக்கும்போது உடம்பு ஆடுற வேகமும் கிட்டத்தட்ட அதுக்குப் பக்கத்துலதான், அதனால உடம்பு அத சட்டை பண்றதில்ல. ரொம்ப மெதுவான ஆட்டம், 0.2 ஹெர்ட்ஸ் பக்கம், அதாவது 5 செகண்டுக்கு ஒரு தடவ ஏறி இறங்குறது, அதுதான் மனுஷனுக்கு குமட்டல மோசமா கிளப்பும். கப்பல்ல வாந்தி வர்றதும் இதனாலதான். கார் ஸ்பிரிங் அவ்வளவு மெதுவா ஆடாது. ஆனா மலைப்பாதைல பெண்டுக்கு பெண்டு வண்டி சாயுறது, பிரேக்குக்கு மூக்கு குத்துறது, ஆக்சிலரேட்டருக்கு பின்னாடி உக்கார்றதுன்னு எல்லாமே சில செகண்டுக்கு ஒரு தடவ நடக்குற மெதுவான அசைவு. ஸ்பிரிங்கும் ஆன்ட்டி-ரோல் பாரும் (இடது வலது சக்கரத்த இணைச்சு சாயல குறைக்கிற கம்பி) தளர்வா இருந்தா அந்த சாயல் பெருசாகுது, ஷாக்கும் வீக்கா இருந்தா சாஞ்ச வண்டி நிமிர்றதுக்கும் நேரம் எடுக்குது. சுகம்னா அடி தெரியாம இருக்குறது மட்டும் இல்ல, அடி விழுந்த அப்புறம் பாடி எவ்வளவு சீக்கிரம் அடங்குதுங்கறதும் சேர்ந்ததுதான், நம்ம ஊர்ல கார் வாங்குறவங்க பாதி பேரு முதல் பாதிய மட்டும் பார்த்துட்டு காச குடுத்துடுறாங்க.

பின் சீட்டுக்கு தனியா ஒரு விஷயம் இருக்கு. மேடு வந்தா முன் சக்கரம் முதல்ல ஏறும், கொஞ்சம் கழிச்சு பின் சக்கரம். ரெண்டு பக்கமும் ஒரே வேகத்துல ஆடினா வண்டி முன்னும் பின்னுமா தலையாட்டிக்கிட்டே போகும். மோரிஸ் ஆலிங்கற பிரிட்டிஷ் இன்ஜினியர், ரோல்ஸ்-ராய்ஸ்ல இருந்து அமெரிக்கா போய் 1930கள்ல ஜெனரல் மோட்டார்ஸ்ல கேடிலாக் காருக்கு வேலை பார்த்தவரு, இதுக்கு ஒரு வழி கண்டுபிடிச்சாரு. பின் சஸ்பென்ஷன முன்னத விட கொஞ்சம் வேகமா ஆடுற மாதிரி வச்சா, தாமதமா ஆரம்பிச்ச பின்பக்கம் முன்பக்கத்த எட்டிப் பிடிச்சிடும், அப்ப பாடி தலையாட்டாம மட்டமா ஏறி இறங்கும். இன்னைக்கு வரைக்கும் இன்ஜினியருங்க அத வச்சுத்தான் ஆரம்பிக்கிறாங்க. ஆனா சின்ன கார்ல பின் சீட்டு பின் ஆக்ஸிலுக்கு ரொம்ப கிட்ட இருக்கும், அதனால எப்படி டியூன் பண்ணாலும் முன் சீட்டுல இருக்குறவங்களுக்கு கிடைக்குற சுகம் அங்க முழுசா வராது.

உடனே செய்யக்கூடியது: ஓட்டுறவர பெண்டுக்குள்ள போறதுக்கு முன்னாடியே பிரேக் முடிச்சிட்டு, ஸ்டியரிங்க ஒரே சீரா திருப்பச் சொல்லுங்க. வெளிய தூரமா பார்த்துக்கிட்டே வாங்க, மொபைல் வேண்டவே வேண்டாம். வண்டி பழசுன்னா அடுத்த பதிலையும் படிங்க.

கேள்வி: 70,000 கிமீ ஓடின ஹேட்ச்பேக். ஸ்பீடு பிரேக்கர் ஏறி இறங்கினா ரெண்டு மூணு தடவ ஆடுது, முன்னாடி கட கடன்னு சத்தமும் வருது. மெக்கானிக் ஸ்பிரிங்குக்கு நடுவுல ரப்பர் பஃபர் போட்டா சரியாயிடும்ங்கறாரு. போடலாமா?
– வாசகர், மதுரை

பதில்: வேண்டாம் சார். வண்டிய தாங்குறது ஸ்பிரிங், ஆட்டத்த நிறுத்துறது ஷாக். நீங்க சொல்றது ஷாக் போன அறிகுறி. உள்ள இருக்குற ஆயில் சின்ன துளை வழியா போகும்போதுதான் ஆட்டத்தோட சக்தி சூடா மாறி போகுது, ஆயில் லீக் ஆனாலோ வால்வு தேஞ்சாலோ அது நடக்காது. பஃபர் போட்டா ஸ்பிரிங்கோட சில சுத்து வேலை செய்யாம பூட்டிக்கும், ஸ்பிரிங் டைட் ஆகும், ஆட்டம் நின்ன மாதிரி தோணும், ஆனா ஏற்கெனவே வீக்கான ஷாக் இப்ப இன்னும் பலமான ஸ்பிரிங்க அடக்கணும். கொஞ்ச நாள்ல ஷாக்க மேல பாடியோட பிடிச்சிருக்குற டாப் மவுண்டும் போகும், டயரும் அங்கங்க குழி விழுந்து தேயும்.

ஷாக் மேல எண்ணெய் பிசுக்கு இருக்கான்னு பாருங்க. மாத்தினா இடது வலது ரெண்டும் ஜோடியாத்தான் மாத்தணும், ஒண்ண மட்டும் மாத்தினா பிரேக் போடும்போது வண்டி ஒரு பக்கம் ஒரு மாதிரியும் இன்னொரு பக்கம் வேற மாதிரியும் நடந்துக்கும். கட கட சத்தத்துக்கு முதல்ல ஆன்ட்டி-ரோல் பார சஸ்பென்ஷனோட இணைக்கிற லிங்க் ராட பாருங்க, அப்புறம் சக்கரத்த கீழ பிடிச்சிருக்குற லோயர் ஆர்மோட ரப்பர் புஷ், ஸ்ட்ரட் டாப் மவுண்ட். லிங்க் ராடு பெரும்பாலும் சின்ன செலவுதான். புஷ் ரப்பர் வெடிச்சிருந்தா ஸ்டியரிங் திருப்பினதுக்கும் வண்டி திரும்புறதுக்கும் நடுவுல ஒரு சின்ன தாமதம் தெரியும், ஹைவேல நேரா பிடிச்சாலும் அலைபாயும். எல்லாம் மாத்தி முடிச்சதும் வீல் அலைன்மென்ட் கட்டாயம்.

கேள்வி: 15 இன்ச் வீல எடுத்துட்டு 17 இன்ச் அலாய் போட்டேன். லுக்கு செமயா இருக்கு, ஆனா சின்ன கல்லு ஏறினாலும் இடிக்குது.
– வாசகர், சென்னை

பதில்: டயரோட பக்கச் சுவர் குறைஞ்சுபோச்சு, அதான். ரோட்டோட அடிய முதல்ல வாங்குற ஸ்பிரிங்கு டயருக்குள்ள இருக்குற காத்துதான். வீலும் முன்னத விட கனமா இருந்தா ஸ்பிரிங்குக்கு கீழ உள்ள எடையும் ஏறியிருக்கும். திருப்பும்போது ஸ்டியரிங் ஷார்ப்பா இருக்கும், அது உண்மை, ஆனா சென்னை ரோட்டுல அந்த ஷார்ப்ப விட நீங்க இழந்தது பெருசுன்னு நான் சொல்லுவேன். 16 இன்ச்சுக்கு இறங்குங்க, டயரோட மொத்த உயரம் கம்பெனி டயர் உயரத்தோட ஒத்துப் போகுதான்னு பார்த்துக்கோங்க.

கேள்வி: எஸ்யூவி உயரமா இருக்கே, திடீர்னு மாடு குறுக்க வந்து ஸ்டியரிங்க ஒடிச்சா கவிழுமா சார்? வீட்ல பயப்படுறாங்க.
– வாசகர், திருநெல்வேலி

பதில்: பயத்துல நியாயம் இருக்கு. ரெண்டு சக்கரத்துக்கு நடுவுல உள்ள அகலத்துல பாதிய எடுத்து, சென்டர் ஆஃப் கிராவிட்டி உயரத்தால வகுத்துப் பாருங்க, அந்த எண் குறையக் குறைய கவிழுற வாய்ப்பு கூடும். உயரமான வண்டிக்கு அது இயல்பாவே கம்மி. கூரைக் கேரியர்ல மூட்டை ஏத்தினா இன்னும் கம்மி.

ஆனா உயரம் மட்டுமே கதை இல்ல. 1997ல ஸ்வீடன்ல ஒரு பத்திரிகை, ரோட்டுல குறுக்க வர்ற காட்டு மான ஒதுங்குற மாதிரி வண்டிய சட்டுனு இடமும் வலமும் ஒடிக்கிற டெஸ்ட்ட புது மெர்சிடிஸ் ஏ-கிளாஸ்ல செஞ்சாங்க, வண்டி கவிழ்ந்துருச்சு. அது எஸ்யூவி இல்ல, சின்ன கார்தான், ஆனா உயரமா உக்கார்ற டிசைன். மெர்சிடிஸ் விற்பனைய நிறுத்தி வச்சு, சஸ்பென்ஷன மாத்தி, இஎஸ்பிங்கற ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல எல்லா ஏ-கிளாஸ்லயும் ஸ்டாண்டர்டா குடுத்தாங்க. அதுவரைக்கும் பெரிய காருக்குன்னு இருந்த அந்த வசதி சின்ன காருக்கும் இறங்கி வந்ததுல இந்த சம்பவத்துக்கு பெரிய பங்கு உண்டு.

முதல் ஒடிப்புல பாடி ஒரு பக்கம் சாயும், ரெண்டாவது ஒடிப்புல அந்த சாயல் எதிர்ப்பக்கம் மொத்தமா வந்து விழும், ஆபத்து அங்கதான். ஷாக் நல்லா இருந்தா இந்த ஊசலாட்டம் சேர விடாது, ஆன்ட்டி-ரோல் பார் சாயலோட அளவ குறைக்கும், இஎஸ்பி எந்த சக்கரத்துக்கு பிரேக் வேணுமோ அதுக்கு மட்டும் தானா குடுத்து வண்டிய நேராக்கும். ஆன்ட்டி-ரோல் பார ரொம்ப தடிமனா வச்சாலும் தப்பு, ஒரு பக்கம் மட்டும் பள்ளம் வந்தா தலைய இடம் வலமா உலுக்கி எடுத்துடும். அதனால இஎஸ்பி இல்லாத வேரியன்ட்ட சன்ரூஃபுக்காக எடுக்காதீங்க, ரெண்டுல ஒண்ணுதான் பட்ஜெட்ல வரும்னா இஎஸ்பிய எடுங்க. மாடு வந்தா முதல்ல நேர் கோட்டுல பிரேக், ஏபிஎஸ் இருந்தா காலு எடுக்காம முழுசா அமுக்குங்க, வேகம் குறைஞ்சப்புறம் ஒதுங்குங்க.

கேள்வி: மல்டிலிங்க் இருந்தாத்தான் ஹேண்ட்லிங் நல்லா இருக்குமா? டார்ஷன் பீம் மட்டமா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: டார்ஷன் பீம்னா ரெண்டு பின் சக்கரத்தையும் இணைக்கிற, லேசா முறுக்கக்கூடிய ஒரு குறுக்குச் சட்டம். மல்டிலிங்க்ல ஒவ்வொரு பின் சக்கரத்தையும் பல கம்பிங்க பிடிச்சிருக்கும், அது தனித்தனியா வேலை செய்யும், டியூன் பண்ண நிறைய இடம் கிடைக்கும், அது உண்மை. ஆனா மறைமலைநகர்ல தயாரான ஃபோர்டு ஈகோஸ்போர்ட்ட ஓட்டிப் பார்த்தவங்கள கேளுங்க. முன்னாடி ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒண்ணா சேர்ந்த மேக்ஃபர்சன் ஸ்ட்ரட், பின்னாடி சாதாரண டார்ஷன் பீம், மத்த சின்ன கார்கள்ல இருக்குற அதே சரக்குதான், இருந்தும் பெண்டுல அது தந்த நம்பிக்கைய இன்னமும் பேசுறாங்க. எந்த ஸ்பிரிங்குக்கு எந்த ஷாக் வால்வு, புஷ் எவ்வளவு கெட்டி, ஸ்டியரிங் எவ்வளவு பாரம்னு உக்கார்ந்து டியூன் பண்ணவங்களோட உழைப்பு அது. பிரோஷர்ல அது வராது. டெஸ்ட் டிரைவ் போகும்போது டயர் பிரஷர நீங்களே செக் பண்ணிட்டு கிளம்புங்க, கதவுப் பக்க ஸ்டிக்கர்ல போட்டிருக்குறத விட அஞ்சாறு பிஎஸ்ஐ கூட இருந்துச்சுன்னா நல்லா டியூன் பண்ண வண்டியும் இடிக்கும்.