அமெரிக்காவில் தோன்றிய மார்மன் கிறிஸ்தவச் சபையின் ஆலயத்துக்குள் எல்லோரும் போக முடியாதாமே? கத்தோலிக்கக் கோயில் மாதிரி இல்லையா அது?

இல்லை. முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். மார்மன்களின் ஞாயிறு வழிபாடு ஆலயத்தில் நடப்பதில்லை. அன்று ஆலயம் மூடியிருக்கும். வழிபாட்டுக்குத் தனியாகச் சாதாரணக் கூடங்கள் உண்டு, அங்கே யாரும் போகலாம்.

அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் 40 ஆண்டுகள் கட்டி 1893இல் அர்ப்பணித்த ஆலயம் போன்றவற்றுக்குள் நுழைய, உறுப்பினர்கள்கூட சபைத் தலைவர்களிடம் நேர்காணல் முடித்து அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். உள்ளே எல்லோருக்கும் வெள்ளை உடைதான். பன்னிரண்டு காளைச் சிலைகளின் முதுகில் நிற்கும் பெரிய தொட்டியில், இறந்துபோனவர்களுக்குப் பதிலாக உயிரோடிருப்பவர்கள் ஞானஸ்நானம் பெறுகிறார்கள். திருமண அறையில் எதிரெதிரே கண்ணாடிகள். தம்பதியரின் பிம்பம் முடிவில்லாமல் நீளும், பந்தம் மரணத்துக்குப் பிறகும் தொடரும் என்பதற்காக. ஆனால் பெண்ணின் அப்பா அம்மா மார்மன் இல்லையென்றால் வெளியேதான் காத்திருக்க வேண்டும். எனக்கு நெருடுவது இதுதான்.

அதே ஊரில் சில தெருக்கள் தள்ளி கத்தோலிக்கரின் மதலேன் பேராலயம். யாரும் உள்ளே போய் உட்காரலாம். அங்கே புனிதத்தின் மையம் நற்கருணைப் பேழை, அதாவது பூசையில் அர்ச்சித்த அப்பத்தை வைக்கும் பெட்டி. பக்கத்தில் அணையாத விளக்கு. ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வியாழன் இரவு பேழையைக் காலி செய்து கதவைத் திறந்தே விட்டுவிடுவார்கள்.

சுருக்கமாக, கத்தோலிக்கருக்கு நற்கருணையில் கிறிஸ்துவே இருக்கிறார் என்பதால் அந்த இடம் புனிதம். மார்மன்கள் ஆலயத்தைக் கடவுளின் வீடு என்றே சொல்வார்கள், ஆனால் அங்கே போவது கடவுளோடு உடன்படிக்கை செய்ய. அப்புறம், புது ஆலயம் என்றால் அர்ப்பணிப்புக்கு முன் சில வாரங்கள் பொதுமக்களும் சுற்றிப் பார்க்கலாம்.