டோடோவின் இடத்தில் மயிலா?

கேள்வி: மொரீஷியஸ் ஒரு குட்டி இந்தியா. மக்களில் பெரும்பாலோர் நம்மவர். தமிழ் அங்கே ஆட்சிமொழி. ரூபாய் நோட்டிலும் இருக்கிறது. அப்படியிருக்க, அந்நாட்டின் அரசுச் சின்னத்தில் மயிலோ யானையோ இல்லாமல், பறக்கக்கூடத் தெரியாமல் அழிந்துபோன டோடோவை இன்னும் வைத்திருப்பது ஏன்?
- வாசகர், கும்பகோணம்

பதில்: முதலில் ஒரு திருத்தம். மொரீஷியஸில் தமிழ் ஆட்சிமொழி அன்று. நாடாளுமன்றத்தின் அலுவல் மொழி ஆங்கிலம் என்றும், உறுப்பினர் விரும்பினால் பிரெஞ்சிலும் பேசலாம் என்றும் அந்நாட்டு அரசமைப்புச் சட்டம் சொல்கிறது. வீட்டிலும் சந்தையிலும் பேருந்திலும் ஒலிப்பது, பிரெஞ்சிலிருந்து கிளைத்த கிரியோல் என்னும் மொழி. அங்குள்ள தமிழர்களில் மிகப் பெரும்பாலோர் பேசுவதும் அதுவே. மக்களில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் இந்திய வழியினர் என்பது உண்மை. ஆனால் ஆப்பிரிக்காவிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழியினரும், சீனரும், பிரெஞ்சுக்காரரின் வழித்தோன்றல்களும் அதே மண்ணின் குடிமக்கள். 'குட்டி இந்தியா' என்று நாம் செல்லமாகச் சொல்லும் பெயர், அவர்களையெல்லாம் வீட்டு வாசலில் நிறுத்திவிடுகிறது.

இனி டோடோவுக்கு வருகிறேன். அந்தத் தீவில் பூர்வகுடி என்று எந்த மனித இனமும் இருந்ததில்லை. டச்சுக்காரர் 1598-இல் கரையிறங்கியபோது அங்கே காடும் பறவையும் ஆமையும்தான் இருந்தன. 1638-இல்தான் அவர்கள் குடியேற்றம் அமைத்தார்கள். பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர், அடிமைகள், ஒப்பந்தக் கூலிகள், புதுச்சேரியிலிருந்து பிரெஞ்சுக் காலத்திலேயே சென்று கட்டடம் எழுப்பிய தமிழ்க் கைவினைஞர் என எல்லோரும் கப்பலில் வந்தவர்களே. ஆகவே 'இது எங்கள் தீவுக்கே உரியது' என்று அந்நாடு காட்ட விரும்பினால், மனிதர்கள் கொண்டுவந்த எதையும் காட்ட முடியாது. வேறெங்கும் பிறக்காத டோடோவைத்தான் காட்ட முடியும். இந்த உரிமை மயிலுக்கு ஏது?

அந்தச் சின்னத்தை ஒருமுறை உற்றுப் பாருங்கள். 1906-இல் ஆங்கிலேயர் ஆட்சியில் வழங்கப்பட்டு, 1968-இல் விடுதலை பெற்ற பின்னும் தொடர்வது அது. நடுவில் உள்ள கேடயத்தில் கப்பல், மூன்று பனையின மரங்கள், திறவுகோல், விண்மீன். கீழே 'இந்தியப் பெருங்கடலின் விண்மீனும் திறவுகோலும்' என்று பொருள்படும் லத்தீன் வாசகம். ஒருபுறம் டோடோ, மறுபுறம் மான். இரண்டின் முன்னும் ஒவ்வொரு கரும்பு. அந்த மான் தீவின் விலங்கன்று. கரும்பும் தீவின் பயிரன்று. இரண்டையும் டச்சுக்காரர் 1639-இல் ஜாவாவிலிருந்து கொண்டுவந்தார்கள். டோடோவை மனிதர் தின்றே தீர்த்தார்கள் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். கப்பலில் வந்திறங்கிய எலியும் பன்றியும் குரங்கும் தரையில் இட்ட முட்டையைத் தின்றதும், காடு வெட்டப்பட்டதும் அதைவிடப் பெரிய கேடு. டோடோவைக் கண்டதாகப் பெரும்பாலோர் ஒப்புக்கொள்ளும் கடைசிக் காட்சி 1662-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஆக, இழந்த உயிரும் அந்த இழப்போடு சேர்ந்து வந்தவையும் ஒரே சின்னத்தில் எதிரெதிரே நிற்கின்றன. வரைந்தவர்கள் இதை எண்ணி வரைந்தார்களோ இல்லையோ, ஒரு நாடு தன் வரலாற்றை இவ்வளவு நேர்மையாக அரசு முத்திரையில் தாங்கி நிற்பது எனக்குப் பெரிய மதிப்பைத் தருகிறது.

'பறக்கத் தெரியாமல்' என்று எழுதியிருக்கிறீர்கள். டோடோ புறா இனத்தைச் சேர்ந்தது. இன்று உயிரோடிருக்கும் அதன் நெருங்கிய உறவு நிக்கோபார் புறா என்று மரபணு ஆய்வு காட்டியிருக்கிறது. தரையில் அதைக் கொன்று தின்னும் விலங்கு எதுவும் இல்லாத தீவில் பறக்க வேண்டிய தேவை இல்லாததால் சிறகு சுருங்கியது. அது அறியாமையோ சோம்பலோ அன்று.

அழிந்ததை மட்டுமே அந்நாடு கொண்டாடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தேசிய மலர், டிரோக்கேஷியா என்னும் செடியில் மணி போலத் தலைகவிழ்ந்து தொங்கும் சிவந்த பூ. 'காதணி' என்று பொருள்படும் பிரெஞ்சுப் பெயரால் அங்குள்ளோர் அதை அழைக்கிறார்கள். நாடு குடியரசான 1992-இல் அது தேசிய மலராயிற்று. காட்டுச் செடியாக அது நிற்பது தென்மேற்கு முனையில் உள்ள லெ மோர்ன் மலையில் மட்டுமே. தப்பியோடிய அடிமைகள் ஒளிந்து வாழ்ந்த மலையும் அதுதான்.

தேசியப் பறவையாக 2022-இல் அறிவிக்கப்பட்டது மொரீஷியஸ் கெஸ்ட்ரல் என்னும் சிறு வல்லூறு. காடழிப்பும், மலேரியா ஒழிப்புக்காகத் தெளித்த டி.டி.டி. என்னும் பூச்சிக்கொல்லியும், வெளியிலிருந்து வந்த விலங்குகளும் சேர்ந்து, 1974-இல் காட்டில் நான்கே பறவைகள் எஞ்சின. கார்ல் ஜோன்ஸ் என்னும் உயிரியலாளரும் அவருடைய குழுவினரும், கூட்டிலிருந்து முதல் ஈட்டு முட்டைகளை எடுத்துச் செயற்கையாகப் பொரிக்கவைத்து, தாய்ப்பறவையை மறுபடி முட்டையிட விட்டு, பெட்டிக் கூடுகள் அமைத்து, அந்த இனத்தை நூற்றுக்கணக்கில் பெருக்கினார்கள். டோடோவுக்குச் செய்யத் தவறியதை இந்த வல்லூறுக்குச் செய்தவர்களை, டோடோவை எடுத்துவிடுங்கள் என்று கேட்பதற்கு நமக்கு என்ன தகுதி இருக்கிறது?

நோட்டில் தமிழ் இருப்பது உண்மை. தமிழ் எண்களும் இருக்கின்றன. அது நம் பெருமைக்காக யாரோ தந்த பரிசன்று. 1998-இல் வெளிவந்த புதிய நோட்டுகளில், நெடுங்காலமாக ஆங்கிலத்துக்கு அடுத்து நின்ற தமிழ், இந்திக்குக் கீழே தள்ளப்பட்டது. இந்தியாவிலிருந்து முதலில் வந்தவர்கள் நாங்கள் என்று அங்குள்ள தமிழர்கள் கொதித்தெழுந்தார்கள். மத்திய வங்கி அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்று, பழைய வரிசைப்படியே 1999-இல் மீண்டும் அச்சிட்டது. வீட்டில் கிரியோல் பேசுபவர்கள், எழுத்தில் தமிழின் இடத்துக்காகத் தெருவில் நின்றார்கள். அதே எண்களைப் படிக்கத் தெரிந்த பிள்ளைகள் நம் பள்ளிகளில் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள்.

அங்கே நூறு ரூபாய் நோட்டில் இருப்பது ரங்கநாதன் சீனிவாசன் என்னும் தமிழரின் படம். வழக்கறிஞராகவும் அமைச்சராகவும் இருந்தவர். பெயரைச் 'சீனிவாசென்' என்றுதான் அவர்கள் எழுதுவார்கள், சொல்வார்கள். அந்த நோட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால், தாளுக்குள்ளிருந்து நீர்க்குறியாக எழுவது டோடோவின் தலை.