வாரண்டி இருக்கிற கார்ல ஷாக் அப்சார்பர் ஆயில் லீக் ஆகுது, சர்வீஸ் சென்டர்ல "நார்மல்தான்"னு திருப்பி அனுப்பிட்டாங்க. என்ன பண்றது?

உங்க வண்டியிலயும் ஆயிலைத் தொடச்சு விட்டு அனுப்பிட்டாங்களா? அப்ப முதல்ல ஜாப் கார்டை (வண்டி விடும்போது உங்க புகாரை எழுதித் தர்ற தாள்) எடுத்துப் படிங்க, மத்ததெல்லாம் அப்புறம். அதுல "முன்பக்கம் சத்தம், செக் செய்யப்பட்டது, ஓகே"ன்னு மட்டும் இருந்தா, லீக்குன்னு நீங்க வாயால சொன்னது காத்தோட போச்சு.

எனக்கு இது நடந்தப்போ வாரண்டி முடிய பத்து நாளோ என்னவோதான் பாக்கி. ஸ்பீடு பிரேக்கர் இறங்கும்போதெல்லாம் லெஃப்ட் சைடு முன்னாடி 'டொக்'னு ஒரு சத்தம். டோர்ல இருக்கிற தண்ணி பாட்டில்தான் உருளுதுன்னு ஒரு வாரம் அதையே எடுத்து எடுத்து வெச்சிட்டு இருந்தேன். அப்புறம் ஒருநாள் ஸ்டீயரிங்கை முழுசா ஒடிச்சு வெச்சு, செல்போன் டார்ச் அடிச்சு டயருக்குப் பின்னாடி எட்டிப் பாத்தா, ஷாக்கோட கம்பி, அதான் ராடு, உள்ள போற இடத்துலேர்ந்து கீழ வரைக்கும் ஆயில் வழிஞ்சு, அது மேல மண்ணு அப்பி, தொட்டா விரல்ல கருப்பா ஒட்டுது. ரைட் சைடு ஷாக் தூசி படிஞ்சு காஞ்சு கிடக்கு.

கொண்டு போனேன். ரேம்ப்ல ஏத்தினாங்க, ஒருத்தர் வேஸ்ட் துணியால சுத்தமா தொடச்சாரு, "இது வேர்வை மாதிரிதான் சார், எல்லா வண்டிக்கும் இருக்கும்"னாரு. நியாயமா சொல்லணும்னா அது முழுப் பொய்யும் இல்ல. ராடு ஒவ்வொரு தடவை வெளிய வரும்போதும் லேசா ஆயிலைக் கூட்டிட்டுதான் வரும், அதனால மேல்பக்கம் கொஞ்சம் ஈரப்பசை இருந்தா அதை லீக்னு சொல்ல முடியாது. ஆனா கீழ வரைக்கும் வழிஞ்சா, தொடச்ச அப்புறமும் திரும்ப வழிஞ்சா, ஆயிலை உள்ள அடைச்சு வெச்சிருக்கிற சீல் போச்சுன்னு அர்த்தம். அவர் தொடச்சப்புறம் நான் எதைக் காட்டுவேன்? ஷாக் நல்லா இருக்குன்னு பானெட் ஓரத்தை அமுக்கி விட்டுக் காட்டினாரு, வண்டி ஒரே குதியில நின்னுடுச்சு. ஸ்பிரிங் கெட்டியா இருந்தா ஷாக் வீக்கா இருந்தாலும் அப்படித்தான் நிக்கும்னு எனக்கு அப்ப தெரியாது, தலையாட்டிட்டு வந்துட்டேன்.

கேட்டைத் தாண்டுறதுக்குள்ள என் வொய்ஃப்தான் ஜாப் கார்டைப் பாத்துட்டு "லீக்னு எங்கயுமே எழுதலையேங்க"ன்னா. வண்டியைத் திருப்பினேன். "முன்பக்கம் இடது ஷாக்கில் ஆயில் கசிவு, கஸ்டமர் புகார்"னு எழுதி, தேதி, ஓடின கிலோமீட்டர் எல்லாம் போட்டுக் குடுத்தாதான் போவேன்னு நின்னேன். அட்வைசர் மூஞ்சியே மாறிடுச்சு. பரவால்ல.

3 வாரத்துல திரும்ப வழிஞ்சிடுச்சு. இந்த தடவை தினமும் ஒரே ஆங்கிள்ல போட்டோ எடுத்து வெச்சிருந்தேன். அதுக்குள்ள வாரண்டி முடிஞ்சு 11 நாள் ஆயிடுச்சு. "டேட் தாண்டிடுச்சே சார்"னு ஆரம்பிச்சாங்க, பழைய ஜாப் கார்டை டேபிள் மேல வெச்சேன், புகார் வாரண்டிக்குள்ளயே பதிவாகியிருக்கு, சரி பண்ணாம விட்டது நீங்கன்னு. அடுத்து "பள்ளத்துல விட்டிருக்கீங்க, அடிபட்டா வாரண்டி வராது"ன்னாங்க. அடிபட்டிருந்தா ரிம் நெளிஞ்சிருக்கணும், இல்ல டயர் பக்கவாட்டுல புடைச்சிருக்கணும், ஷாக் பாடியில சொட்டையாவது இருக்கணும். எங்க இருக்கு காட்டுங்கன்னேன். ஒண்ணும் இல்ல.

உள்ளுக்குள்ள எனக்கே ஒரு சந்தேகம் இருந்துச்சுன்றது வேற விஷயம். அதுக்கு முன்ன மாசம்தான் என் மச்சான் வண்டியை ரெண்டு நாள் வாங்கிட்டுப் போயிருந்தான். அவன் வண்டி வாங்கிட்டுப் போனா சீட்டு பின்னாடி தள்ளியிருக்கும், கண்ணாடி கூரையைப் பாத்துட்டு இருக்கும், டேங்க் ரிசர்வுல இருக்கும். கேட்டா "உங்க வண்டி மைலேஜே தரல மாமா"ம்பான். இதை இங்க எழுதி என்ன ஆகப்போகுது, விடுங்க.

கடைசில மாத்திக் குடுத்தாங்க. பழசைக் கையில தர மாட்டாங்க, வாரண்டி பார்ட் கம்பெனிக்குத் திரும்பப் போகணுமாம், ஆனா கேட்டா காட்டுவாங்க. நான் ராடை அமுக்கிப் பாத்தேன், பாதி தூரம் வரைக்கும் எதிர்ப்பே இல்லாம சும்மா உள்ள போகுது, அப்புறம்தான் பிடிக்குது. அந்த 'டொக்' எங்கேர்ந்து வந்துச்சுன்னு அப்பதான் புரிஞ்சுது.

"ஒரு பக்கம் மட்டும் மாத்தக் கூடாது, ஜோடியாதான் மாத்தணும்"னு கமெண்ட்ல வரப்போறவங்களுக்கு: தெரியும்ங்க. நிறைய ஓடின வண்டின்னா நானும் அதைத்தான் சொல்லுவேன். வாரண்டில லீக் ஆனதை மட்டும்தான் தருவாங்க, என்னோட இன்னொரு பக்கம் நல்லாவே இருந்துச்சு, விட்டுட்டேன். நான் மெக்கானிக்கும் இல்ல, பட்டதைச் சொல்றேன்.

இன்னொண்ணு, கசியிறது ஷாக் ஆயில்தானான்னு பாத்துக்குங்க. வீல் உள்பக்கமெல்லாம் கெட்டியா கிரீஸ் தெறிச்ச மாதிரி இருந்தா ஆக்சில் பூட் (ஆக்சில் மூட்டுல கிரீஸை உள்ள வெச்சிருக்கிற ரப்பர் உறை) கிழிஞ்சிருக்கலாம். பிரேக் ஆயில் லெவல் குறைஞ்சிருந்தா வண்டியையே எடுக்காதீங்க.

வீல் அலைன்மென்ட் காசு மட்டும் என் தலையில கட்டிட்டாங்க. ஷாக்கைக் கழட்டினதாலதான அலைன்மென்டே தேவைப்படுது, அதுவும் வாரண்டில வரணும்ல? "அது கவர் ஆகாது சார்"தான் பதில். அதுக்கும் எழுதி வாங்கியிருக்கணும், அன்னைக்கு பசி, கிளம்பிட்டேன். ரெண்டு நாள் கழிச்சு போன் பண்ணி 10க்கு எத்தனை மார்க் தருவீங்கன்னாங்க, அலைன்மென்ட் காசைத் திருப்பிக் குடுங்க தரேன்னேன், அதுக்கப்புறம் போன் வரல.

உங்க ஜாப் கார்டுல என்ன எழுதியிருக்குன்னு பாத்துட்டு கீழ போடுங்க, நேரம் கிடைக்கிறப்போ பாக்கறேன்.